கொப்பூழின் கீழே ஒரு நடுவம்

துலா மிதிப்பவர் கைவலியால் நீர் இறைப்பதில்லை. தம் உடலின் எடை முழுவதையும் ஒரு நீண்ட மரத்தின்மேல் முன்னும் பின்னும் கொண்டுசென்றே இறைக்கிறார். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவகத்திலும் நீரிறைக்கும் பொறிகள் வருவதற்கு முன் புகையிலைத் தோட்டங்களையும் காய்கறிப் பாத்திகளையும் வாழவைத்தது இந்த நடைதான். இரண்டு ஆடுகால்களுக்கு நடுவே அச்சுலக்கை, அதன்மேல் துலா, துலாவின் முன்முனையிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் துலாக்கொடி, அதன் நுனியில் நீர் அள்ளும் பட்டை. கிணற்றுக்கட்டில் நிற்பவர் கொடியைப் பிடித்துப் பட்டையை நெறிப்படுத்தி வாய்க்காலில் கவிழ்ப்பார். மேலே நிற்பவர் கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை தாழும். வாற்பக்கம் நடந்தால் பட்டை எழும்.

இந்த நடையைப் பள்ளிக்கூடத்து நெம்புகோற் பாடமாக எழுதிப் பார்க்கலாம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் பொறுதியாகிய அச்சுலக்கையிலிருந்து 2 மீற்றர் பின்னே நின்றால், பொறுதியிலிருந்து 3 மீற்றர் முன்னே தொங்கும் 40 கிலோகிராம் சுமையை அவர் நிகர்செய்கிறார். மரத்தின் சொந்த எடையை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. அவர் இன்னும் அரையடி பின்வைத்தால் பட்டை மேலெழும். அந்த 2 மீற்றர் என்பது அவருடைய கால்விரலிலிருந்து அளக்கப்படுவதா, தலையிலிருந்து அளக்கப்படுவதா? இரண்டுமல்ல. உடலின் திணிவெல்லாம் ஒன்றுதிரண்டு நிற்பதாகக் கொள்ளத்தக்க ஒரு புள்ளி உண்டு. அந்தப் புள்ளியின் நேர்கீழிருந்தே அளவு தொடங்குகிறது. துலா உணர்வது அந்தப் புள்ளியைத்தான். நிமிர்ந்து நிற்கும் மனிதனில் அது கொப்பூழுக்குச் சற்றுக் கீழே, உடலின் உட்புறத்தில், முதுகடித் திருவென்பின் இரண்டாம் முள்ளென்புக்கு முன்னே அமைகிறது.

ஏறத்தாழ இதே இடத்தைத்தான் சீனத்தின் உள்வகைப் போர்க்கலை ஆசான்கள் தாந்தியென் என்று அழைத்து, உடலாற்றலின் நடுவம் என்று கற்பித்து வந்தனர். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவோ அறிஞர் கே ஹொங், கொப்பூழுக்குக் கீழே 2.4 சுன் தொலைவில் கீழ்த் தாந்தியென் இருப்பதாக எழுதிவைத்தார். சுன் என்பது ஏறத்தாழ ஒரு கட்டைவிரல் அகலம். நெஞ்சிலும் புருவ நடுவிலும் வேறு இரு நடுவங்களை அவர் குறித்திருந்தாலும், போர்க்கலையார் பெரிதும் பற்றிக்கொண்டது கீழுள்ளதையே. தாய்ச்சி, சிங்யி, பாகுவா ஆகிய மூன்று கலைகளையும் ஒரே உள்வகைக் குடும்பமாகப் பார்க்கும் பார்வையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் நூல்களால் பரப்பியவர் சுன் லூதாங் என்ற ஆசான். மூன்றுக்கும் முதற்பாடம் ஒன்றே: தோள் தளரட்டும், மூச்சு கீழ்வயிற்றில் அமரட்டும், அசைவு இடுப்பில் பிறந்து கைக்கு வரட்டும்.

இந்தப் பாடத்தைச் சாட்டியில் நின்று எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. யாழ்நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியே வேலணைத்தீவுக்குள் போனால் தென்கரையில் வருவது சாட்டி. வெண்மணற் கரை, நெடுந்தொலைவு இறங்கிப் போனாலும் ஆழமில்லாத கடல். சுற்றிலும் உவர்நீர் சூழ்ந்த தீவில், சாட்டியின் மணலடியில் மழைநீர் நன்னீராய்த் தங்கி நிற்கிறது; தீவக மக்களின் தாகம் தீர்த்த கிணறுகள் இங்கே உண்டு. கிணற்றடியில் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பும் ஒரு பெண்ணைக் கவனித்தால், குடம் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாக அவருடைய மேலுடல் சாய்ந்திருக்கும். எதிர்க்கை சற்று விலகி நிற்கும். உடலுக்கும் குடத்துக்கும் சேர்த்துப் புதிதாய்ப் பிறந்த எடைநடுவத்தைப் பாதங்களுக்கு மேலே கொண்டுவரும் திருத்தம் அது. பழக்கப்பட்ட பெண்ணின் குடத்தில் நீர் தளும்புவதில்லை. அவருடைய இடுப்பு மேலும் கீழும் குதிக்காமல் ஒரே மட்டத்தில் செல்வதே காரணம். தாய்ச்சி பயில்பவர்கள் பல ஆண்டுகள் உழைத்துப் பெற விழையும் நடை இது.

சீனமும் இந்தத் தீவும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. சாட்டிக்கு அண்மையிலுள்ள அல்லைப்பிட்டியில் 1977ஆம் ஆண்டு யோன் காசுவெல் என்னும் தொல்லியலாளர் அகழ்ந்தபோது, சொங் அரசர் காலத்துச் சீன மட்கலங்கள் கிடைத்தன. 11, 12ஆம் நூற்றாண்டுக் கடல்வணிகத்தின் எச்சங்கள் அவை. 2018இல் சாங்காய் அருங்காட்சியகத்தார் இலங்கைத் தொல்லியலாளரோடு இணைந்து அதே ஊரில் மீண்டும் அகழ்ந்தார்கள். கலங்கள் வந்த வழியே கலைகளும் வந்தனவா என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. இலங்கைத் தமிழரிடையேயும் முசுலிம்களிடையேயும் சிலம்படியோடு சீனடி என்றொரு அடிமுறையும் வழங்கிவருகிறது. சித்தர் போகர் சீனம் போய்வந்தார் என்ற கதை பழனி வரை பரவியிருக்கிறது. காஞ்சியிலிருந்து போன போதிதருமரே சாவோலின் துறவியருக்குப் போர்க்கலை கற்பித்தார் என்று நம்மிற் பலர் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் போதிதருமரைப் போர்க்கலையோடு இணைக்கும் பழைய நூல் 1624ஆம் ஆண்டைத் தன் காலமாகக் காட்டுவது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பிற்காலம் அது. தாங் ஆவ் என்ற சீன வரலாற்றாசிரியரே 1930களில் அந்தக் கதையை மறுத்துவிட்டார். நமக்குப் பெருமை சேர்க்கும் கதை என்பதற்காக அதைச் சான்றாக்க என் மனம் இசையவில்லை. கடன்பெறாமலே இரண்டு நாட்டார் ஒரே உண்மையைக் கண்டடைந்தார்கள் என்பதும் குறைந்த பெருமையன்று. எல்லா நாட்டிலும் உடலின் எடை ஓரிடத்தில்தானே கூடுகிறது.

தமிழ் மரபிலும் உடலுக்குள் நடுவங்கள் எண்ணப்பட்டன. திருமூலர் வழிவந்த யோகநெறி மூலாதாரம் தொடங்கி ஆக்கினை ஈறாக ஆறு ஆதாரங்களைச் சொல்கிறது. கொப்பூழை ஒட்டியும் அதன் கீழும் அவற்றுள் இரண்டு அமைகின்றன. ஆனால் இரு நெறிகளின் நோக்கமும் வேறு. நம் யோகியர் அடியிலுள்ள ஆற்றலை முதுகந்தண்டு வழியே மேலெழுப்பி உச்சியில் சேர்க்க முனைந்தார்கள். சீனத்து அகப்பயிற்சியிலும் மூச்சை முதுகு வழியே ஏற்றி முன்புறம் இறக்கும் முறை உண்டு என்றாலும், போர்க்கலையாரின் கவலை ஆற்றலைக் கீழே இறக்கி அங்கேயே நிலைக்கச் செய்வது. வீடுபேறு தேடியவருக்கு உச்சி வேண்டியிருந்தது. தள்ளப்பட்டாலும் விழாதிருக்க விரும்பியவருக்கு அடிவயிறு வேண்டியிருந்தது.

விழாதிருத்தலின் கணக்கு எளியது. நிமிர்ந்து நிற்பவரின் எடைநடுவம் அவருடைய உயரத்தில் ஏறத்தாழ 55 முதல் 57 விழுக்காடு வரையான உயரத்தில் இருக்கும். பெண்களில் சற்றுத் தாழ்வாக. 170 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு இது தரையிலிருந்து 95 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். பாதங்களின் வெளிவிளிம்புகளுக்கு இடையே 30 சென்ரிமீற்றர் இருந்தால், பக்கவாட்டில் அவர் 9 பாகை சாய்ந்தவுடனே நடுவம் பாதத்தின் எல்லையைத் தாண்டிவிடும்; பிறகு காலை எடுத்துவைக்க வேண்டும், அல்லது விழவேண்டும். அதே மனிதர் கால்களை 60 சென்ரிமீற்றராக அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, நடுவத்தை 80 சென்ரிமீற்றருக்கு இறக்கட்டும். இப்போது 20 பாகை வரை சாயலாம். மலை போல் நிற்கிறார் என்று ஆசானைப் பார்த்து மாணவர் வியப்பதில் பாதி இந்தக் கணக்குத்தான். மறுபாதி, தள்ளும் விசை தம் நடுவத்தினூடே நேராகச் செல்லவிடாமல் இடுப்பைச் சிறிதே திருப்பிவிடும் திறமை. நடுவத்துக்கு வெளியே விழும் விசை பெரும்பாலும் உடலைச் சுழற்றுமேயன்றி வீழ்த்தாது; தள்ளியவர் தம் வேகத்திலேயே தடுமாறுவார். எடைநடுவம் ஓர் உறுப்பு அன்று என்பதையும் மறக்கலாகாது. கையை உயர்த்தினால் அதுவும் சற்று உயரும். உடலை முன்வளைத்துக் குனிந்தால் உடலுக்கு வெளியேயே போய்விடும். அடிவயிற்றில் அதைத் தேடி அறுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு அங்கே குடலும் தசையுமே கிடைக்கும்.

அந்தத் தசைகள்தாம் இந்தக் கதையின் வளமான பகுதி. வயிற்றறையின் கூரை பிரிமென்றகடு. தளம் இடுப்பெலும்புக் கூட்டின் அடியில் விரிந்த தசைத்தட்டு. முன்னும் பக்கமும் சுற்றிவளைத்துக் கட்டியிருப்பது வயிற்றின் ஆழத்திலுள்ள குறுக்குத்தசை. பின்புறத்தில் முள்ளந்தண்டை ஒட்டிய சிறு தசைகள். மூச்சை உள்ளிழுக்கும்போது பிரிமென்றகடு கீழிறங்குகிறது. அமைதியான மூச்சில் 1 முதல் 2 சென்ரிமீற்றர், ஆழ்ந்த மூச்சில் அதனினும் பலமடங்கு. காற்று ஒருபோதும் வயிற்றுக்குள் போவதில்லை. நுரையீரலோடு அதன் எல்லை முடிகிறது. இறங்கும் பிரிமென்றகடு குடலையும் ஈரலையும் கீழே தள்ள, சுற்றுத்தசைகள் இசைந்து தாங்க, அறைக்குள் அழுத்தம் கூடுகிறது. காற்றில்லாத மிதிவண்டிக் குழாய் துவண்டு கிடக்கும், காற்றடைத்ததும் ஆளைத் தாங்கும் அல்லவா. அதுபோல் அழுத்தம் கூடிய வயிற்றறை முள்ளந்தண்டுக்கு முன்னின்று முட்டுக் கொடுக்கிறது. காலால் தரையை உதைத்துப் பெற்ற விசை, துவளாத இந்த நடுவத்தின் வழியாகச் சிதறாமல் மேலேறி, தோளுக்கும் முழங்கைக்கும் விரலுக்கும் செல்கிறது. வடமராட்சிக் கிழக்கிலும் முல்லைத்தீவிலும் கரைவலை இழுப்பவர்கள் முழங்கையை மடக்கி இழுத்துக்கொண்டிருப்பதில்லை. பின்சாய்ந்து, குதிகாலை மணலில் புதைத்து, இடுப்பால் இழுப்பார்கள். ஆழமற்ற தீவகக் கடலில் நீண்ட கோலை அடிநிலத்தில் ஊன்றி வள்ளம் தள்ளுபவரும் அப்படியே. கோலைக் கை பிடித்திருக்கிறது, வள்ளத்தை இடுப்பு தள்ளுகிறது.

இனி, என்னைப் பெரிதும் ஈர்த்த செய்தி. 1967ஆம் ஆண்டு மாசுக்கோவில் பெலென்கி, குர்பிங்கெல், பால்ட்செவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். நிற்பவரிடம் கையை விரைவாக உயர்த்தச் சொல்லித் தசைகளின் மின்னலைகளைப் பதிவுசெய்தார்கள். கையை உயர்த்தும் தோள்தசை விழிப்பதற்கு முன்பே காலும் உடற்பகுதியும் விழித்துவிட்டன. கை முன்னே போனால் எடைநடுவம் இடம்பெயரும் என்பதை நரம்பு மண்டலம் முன்கூட்டியே அறிந்து, அசைவு பிறக்கும் முன்னரே அதற்கு ஈடுசெய்து வைத்திருக்கிறது. 1996இல் ஆசுத்திரேலியாவின் போல் ஓட்சசும் கரோலின் ரிச்சர்ட்சனும் இதை இன்னும் ஆழமாகத் தேடினர். வயிற்றின் ஆழக் குறுக்குத்தசை, கையசைவுக்குரிய தசையை நொடியின் சில நூற்றிலொரு பங்கு முந்திக்கொள்வதைக் கண்டார்கள். நாட்பட்ட கீழ்முதுகுவலி உடையவர்களில் அந்தத் தசை பிந்தி விழித்தது. மறு ஆண்டு, மூச்சுக்குரிய பிரிமென்றகடும் இவ்வாறே முந்தி இறுகுகிறது என்பதையும் ஓட்சசும் அவருடன் சேர்ந்தோரும் காட்டினர். மூச்சுவிடும் தசையே நிற்கவும் வைக்கிறது.

அசைவு இடுப்பில் பிறந்து கைக்கு வரட்டும் என்ற ஆசான்களின் சொல் இங்கே வேறொரு ஒளி பெறுகிறது. நொடியின் சில நூற்றிலொரு பங்கு நேரத்துக்குள் நடந்துமுடியும் ஒன்றை எந்த மாணவரும் நினைத்துச் செய்ய முடியாது. உன் குறுக்குத்தசையை இறுக்கு என்றால் அவர் வயிறு முழுவதையும் இறுக்கி மூச்சையும் அடைத்துக்கொள்வார். தோள் காதுவரை உயரும். அந்த ஆசான்களிடம் மின்பதிவுக் கருவி இல்லை. அடிவயிற்றில் ஓர் ஆற்றல் உருண்டையை எண்ணிக்கொள், அது உருண்டால் கை தானே எழும் என்றார்கள். மிக மெதுவாக, ஒரே வட்டத்தை ஆயிரம் முறை செய்யவைத்தார்கள். கட்டளைக்கு அடங்காத நரம்பொழுங்கு, உருவகத்துக்கும் மெதுமைக்கும் மீட்பயிற்சிக்கும் இணங்குகிறது. தாந்தியென் உடலுக்குள் புதைந்த களஞ்சியம் அன்று. விருப்பம் எட்டாத இடத்துக்குப் பாடம் சொல்வதற்கென மனிதர் கண்டுபிடித்த ஓர் அரிய கருவி என்பதே என் துணிபு. அது அறிவியலுக்கு எதிரானது என்று ஒதுக்குவோர், கற்பித்தலும் ஓர் அறிவியல் என்பதைக் கருத வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சி எனப்படும் உயிராற்றலை அளந்த கருவி எதுவும் இல்லை. பயிற்சியில் அடிவயிற்றில் தோன்றும் கதகதப்பு உண்மையான உணர்வே. அமைதியில் குருதி ஓட்டம் மாறுவதும், ஓரிடத்தில் மனம் குவிந்தால் அங்குள்ள சிறு உணர்வும் பெரிதாவதும் அதை விளக்கப் போதும். அதையே வளர்த்து, தொடாமல் ஆளை வீழ்த்துவேன் என்று கிளம்புவோர் தம் மாணவருக்குத் தீங்கு செய்கிறார்கள். 2017 ஏப்பிரலில் செங்து நகரில், தாய்ச்சி ஆசான் என்று பெயர்பெற்ற வெய் லெய், கலப்புச் சண்டை வீரர் சூ சியாவ்தொங்கின் முன் அரை நிமிடங்கூட நிற்கவில்லை. மாய ஆற்றலை நம்பி உண்மையான எதிரியோடு ஒருபோதும் பழகாத கலைக்கு நேர்ந்த முடிவு அது. எடைநடுவம் பொய்யாகிவிடவில்லை, சூ சியாவ்தொங்கின் அடியும் இடுப்பிலிருந்துதான் வந்தது.

மருத்துவத்தில் தாய்ச்சி பெற்றிருக்கும் இடம் உறுதியானது. 1996இல் அத்திலாந்தா நகரில் 70 வயது கடந்த 200 பேரிடம் நடந்த ஆய்வில், தாய்ச்சி பயின்றவர்களுக்கு மீண்டும் மீண்டும் விழும் இடர் 47.5 விழுக்காடு குறைந்தது. 2012இல் பூசொங் லியும் குழுவினரும் நடுக்குவாத நோயாளர் 195 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் இருமுறையாக 24 வாரம் பயிற்றினர். தாய்ச்சிக் குழுவினரின் நிலைப்பாடு மற்ற இரு குழுவினரைவிட நன்றாகத் தேறியது. 2018இல் அதே குழுவினர், 70 வயதுக்கு மேற்பட்டு விழும் இடரில் இருந்த 670 பேரிடம் செய்த ஆய்வில், நீட்டல் பயிற்சி செய்தோரைவிடத் தாய்ச்சி செய்தோர் 58 விழுக்காடு குறைவாக விழுந்தார்கள். இந்த எண்களைப் படிக்கும்போது என் நெஞ்சு தீவகத்துக்குத்தான் போகிறது. போரும் புலப்பெயர்வும் இளையோரைக் கொண்டுபோய்விட்ட ஊர்களில் முதியவர்கள் தனித்து வாழ்கிறார்கள். கிணற்றுப் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், பாலம் கடந்து யாழ்ப்பாண மருத்துவமனைக்குப் போகவேண்டும். பிள்ளை கனடாவில் இருப்பார். துலா மிதித்த காலத்து உடலுக்கு நிலைப்பயிற்சி தனியே தேவைப்படவில்லை. நீர்ப்பொறியும் குழாயும் வந்தது நல்லது. அவற்றோடு போய்விட்ட பயிற்சியை நாம் வேறு வழியில் திரும்பத் தரவேண்டும்.

மூச்சுப் பயிற்சிக்குத் தீவக முதியவர்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2001இல் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை இலத்தீன் மொழியில் செபமாலை சொல்லவும், பௌத்த மந்திரம் ஓதவும் வைத்து அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்ற அளவுக்கு இறங்கியது. குருதியழுத்தத்தைச் சீர்செய்யும் நரம்பெதிர்வினை கூர்மையடைந்தது. சாட்டிச் சிந்தாத்திரை மாதா கோயிலில் செபமாலை சொல்லும் ஆச்சிக்கும், நயினை நாகபூசணி அம்மன் முன் மந்திரம் ஓதும் ஐயாவுக்கும் இந்தத் தாளம் முன்பே பழக்கம். அந்த மூச்சோடு அசைவையும் சேர்க்கச் சொல்வதே எஞ்சிய வேலை.

சாட்டிக் கரையே இதற்கு ஏற்ற களம். உலர்ந்த பொதிமணல் தொடக்கத்துக்கு வேண்டாம். அது பாதத்தின் அடியில் நழுவி, தேறாதவரை வீழ்த்தும். அலை நனைத்து இறுகிய ஈரமணலில், தோள் அகலத்துக்குக் கால்களை வைத்து, முழங்காலைச் சிறிதே தளர்த்தி நிற்கவேண்டும். ஒரு கையைக் கொப்பூழுக்குக் கீழே வைத்து, மூச்சு உள்ளே வரும்போது கை மெல்ல முன்னே தள்ளப்படுகிறதா என்று பார்க்கலாம். பிறகு இடக்காலுக்கு எடை முழுவதையும் மெதுவாக மாற்றி, வலக்குதிகால் தானே இலேசாகும் வரை காத்திருந்து, திரும்பி வரவேண்டும். மிகவும் தளர்ந்தவர்கள் துணைக்கு ஒருவரோடு இடுப்பளவு நீரில் நின்று செய்யலாம். அவ்வளவு ஆழத்தில் பாதங்கள் தாங்கும் எடை ஏறத்தாழப் பாதியாகிவிடும், சாட்டியின் ஆழமற்ற கடல் அதற்கு இடம் தருகிறது. மூச்சை அடக்கி வயிற்றை முக்கி இறுக்குவது மட்டும் எவருக்கும் கூடாது. மூச்சடக்கிப் பெருஞ்சுமை தள்ளிய உடற்பயிற்சியாளர்களின் குருதியழுத்தத்தை 1985இல் கனடாவில் அளந்தபோது, இரு கால்களாலும் தள்ளுகையில் அதன் உச்ச அளவின் சராசரி 320க்கு 250 என்ற அளவுக்கு ஏறியிருந்தது. குடலிறக்கம் உடையவர்களும் குருதியழுத்தம் மிகுந்தவர்களும் தம் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். முதற்கட்டத்தில் கைகளை அசைக்கவே தேவையில்லை. எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குத் தடங்கலின்றி மாறப் பழகியபின் கைகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.